கல்கி ஏன் கொலைகாரனைக் காட்டவில்லை?

கும்பகோணம் பாணாதுறை உயர்நிலைப் பள்ளியில் ஏறத்தாழ 25 ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்தவர் தி.வை. சதாசிவ பண்டாரத்தார். 1892இல் பக்கத்துத் திருப்புறம்பியத்தில் பிறந்தவர். சுற்றுவட்டாரக் கோயில்களின் கல்வெட்டுகளை நேரில் பார்த்தும், அரசு அச்சிட்ட தொகுதிகளைப் படித்தும் சோழர் காலத்தை ஆண்டு ஆண்டாக அடுக்கினார். முதற் குலோத்துங்கனைப் பற்றிய நூல் 1930இல் வந்தது. 1942இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. ‘பிற்காலச் சோழர் சரித்திரம்’ முதல் பகுதி 1949இல் வெளியானது. மறு ஆண்டே கல்கி ‘பொன்னியின் செல்வன்’ தொடரைத் தொடங்கினார். நீலகண்ட சாஸ்திரியார் ஆங்கிலத்தில் எழுதிய சோழர் வரலாறு 1930களிலேயே வந்துவிட்டது. இந்த இரண்டு பேருடைய உழைப்பின் மேல்தான் அந்த நாவல் நிற்கிறது. நள்ளிரவில் சதிகாரர்கள் கூடும் இடமாகக் கல்கி தேர்ந்தது திருப்புறம்பியம் பள்ளிப்படை, இறந்தவர் நினைவாக எழுந்த கோயில்; ஊரோ பண்டாரத்தாரின் சொந்த ஊர். நாவலைக் கையில் வைத்துக்கொண்டு பழையாறையையும் திருப்புறம்பியத்தையும் தேடி வருகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்த வாத்தியார் பெயர் தெரியும் என்பது வேறு கதை.

வரலாற்றுக் கதை எழுத ஆராய்ச்சி எதற்கு என்று கேட்டால் பொதுவாக வரும் பதில் ஒன்று உண்டு. கதை எழுத்தாளனுடையது, காலத்துக்குப் பொருத்தமான ஆடை, ஆபரணம், பட்டப்பெயர், போர் நடந்த ஆண்டு ஆகியவற்றை ஆராய்ச்சி கொடுக்கும். முதலில் ஒரு காதல், ஒரு பகை, ஒரு சூழ்ச்சி என்று கதையை முடிவு செய்துகொண்டு, பிறகு நூலகத்துக்குப் போய்ச் சோழர் சாமான்கள் சிலவற்றை வாங்கி வந்து ஆங்காங்கே வைப்பது. நம் பத்திரிகைத் தொடர்களில் பாதி இப்படித்தான் எழுதப்பட்டன. மாளிகையை மாற்றாமல் பெயர்ப்பலகையை மட்டும் மாற்றினால் அதே கதை பாண்டியர் கதையாகிவிடும், பல்லவர் கதையாகவும் ஆகிவிடும். ஆராய்ச்சியின் இடம் அலங்காரத்தில் இல்லை, கதைப்பின்னலில் இருக்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். கிடைத்த சான்று கதையின் போக்கை ஓரிடத்திலாவது திருப்பியிருக்க வேண்டும். திருப்பவில்லை என்றால் அந்தச் சான்றைத் தேடிப் போனதே வீண். இதற்கு ஆகச் சிறந்த சாட்சி கல்கியேதான்.

சாட்சி இருக்கும் இடம் காட்டுமன்னார்கோயில், உடையார்குடி அனந்தீஸ்வரம் கோயில். முதலாம் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த, அதாவது சுமார் 987ஐச் சேர்ந்த கல்வெட்டு அது. ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சிலரைக் குறிப்பிடுகிறது. சோமன், பஞ்சவன் பிரமாதிராஜன் என்ற பட்டம் பெற்ற ரவிதாசன், இருமுடிச்சோழ பிரமாதிராஜன் என்ற பட்டம் பெற்ற பரமேஸ்வரன் ஆகியோர் பெயர்கள் வருகின்றன. இவர்கள் ஏதோ காட்டில் பதுங்கிய கும்பல் அல்லர்; அரசு தந்த பட்டத்தோடு வாழ்ந்த பிராமண அதிகாரிகள். அவர்களுடைய சொத்துகளை என்ன செய்வது என்று வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு மன்னனின் ஆணை போகிறது. அந்த ஆணை துரோகிகளோடு நிற்கவில்லை. தம்பிமார், மக்கள், மனைவிமார், பெரியப்பன்மார், தாயுடன் பிறந்த மாமன்மார் என்று உறவு உறவாக எண்ணிக்கொண்டு போகிறது. கொலை நடந்ததோ சுமார் 970இல். இடையில் 15 ஆண்டுக்கு மேல் உத்தம சோழன் ஆட்சி. இந்த இடைவெளிதான் வரலாற்றாசிரியர்களைப் பிரித்தது. உத்தமன் காலத்தில் தண்டனை இல்லாமல் போனது ஏன், அவனுக்கே இதில் பங்கு உண்டோ என்று சாஸ்திரியார் ஐயப்பட்டார். பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. கொலையில் பங்குள்ளவனைக் குடிகளும் அருள்மொழியும் (பின்னாளில் ராஜராஜன்) அரியணையில் இருக்க விட்டிருப்பார்களா என்ற திசையில் வாதாடினார். பின்னாளில் குடவாயில் பாலசுப்ரமணியன் கல்வெட்டை முழுதாக வாசித்து, இது அடிப்படையில் ஒரு நிலக்கொடைச் சாசனம், மன்னனின் ஆணை அதற்குள் எடுத்துச் சொல்லப்படும் பகுதி மட்டுமே என்று காட்டினார். ஆக, நாவலின் உச்சக் காட்சிக்கு மூலமான ஆவணம் வழக்குத் தீர்ப்பே அல்ல. நிலம் கைமாறியதைப் பதிவு செய்த ஊர்க் கணக்கு.

இனிக் கல்கியைப் பாருங்கள். ஐந்து பாகம், மூன்றரை ஆண்டுத் தொடர், வாரந்தோறும் தெருவெங்கும் ஒரே கேள்வி. கொலைக் காட்சி வந்தபோது அவர் விளக்கை அணைத்துவிட்டார். கத்தி யாருடையது, எறிந்தது யார் என்பதை உறுதியாகச் சொல்லாமலே கடந்தார். வாசகர்கள் இன்றைக்கும் அடித்துக்கொள்கிறார்கள். வணிகத் தொடரில் இது சாதாரணத் துணிச்சல் இல்லை. ஒரு கொலைகாரனைக் கைகாட்டியிருந்தால் வாசகர் திருப்தியோடு போயிருப்பார். ஆனால் சாஸ்திரியாரும் பண்டாரத்தாரும் முடிச்சவிழ்க்காத இடத்தில் தானும் அவிழ்க்க மாட்டேன் என்று நின்றார் கல்கி. நாவலின் மிகப் பெரிய கலைத் தீர்மானம், நம்மை 70 ஆண்டாகப் பேச வைத்த தீர்மானம், ஒரு கல்வெட்டின் போதாமையிலிருந்து வந்தது. ஆராய்ச்சி கதையைத் திருப்பியது என்றால் இதுதான். எதிர்ப்பக்கத்தையும் பார்த்துவிடலாம். வந்தியத்தேவன் என்ற கதாநாயகனுக்குக் கல்லில் இருப்பது மிகக் குறைவு; முக்கியமாகத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவையின் கணவர் என்ற குறிப்பு. அந்தக் குறிப்பிலிருந்து குதிரை, குறும்பு, வீரநாராயண ஏரிக்கரை, ஆடிப் பதினெட்டு எல்லாம் முளைத்தன. கல் வாய்மூடிய இடத்தில் கல்கி வாய்திறந்தார் என்பதில் யாருக்கும் வழக்கில்லை.

ஆனால் அதே உடையார்குடிக் கல்வெட்டில் கல்கி விட்டுவிட்டுப் போனதும் இருக்கிறது. விட்டதுதான் பெரிது என்பது என் அபிப்பிராயம். அவருடைய ரவிதாசன் மந்திரவாதி. பாண்டியனுக்காகப் பழிவாங்கும் ஆபத்துதவி, அதாவது மெய்க்காவலன். கல்லில் இருக்கும் ரவிதாசனுக்கு அண்ணன் தம்பி உண்டு, பிள்ளைகள் உண்டு, நிலம் உண்டு, அந்த நிலத்துக்கு எல்லையும் மடை வாய்க்காலும் உண்டு. மந்திரவாதி தீவட்டி வெளிச்சத்தில் பயமுறுத்துவான். உண்மையில் பயமுறுத்த வேண்டியவன் சபைக் கூட்டத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பட்டதாரி. கொலை நடந்து 15 ஆண்டுக்கு மேல் கழித்து ஓர் ஊரின் சபை தன் சொந்தக்காரர்களின் நிலத்தை அளந்து விற்கிறது. கொன்றவனின் மாமனுக்குக் கொலையைப் பற்றி ஏதாவது தெரியுமா? மனைவி எந்த வீட்டுக்குத் திரும்பிப் போனாள்? நிலத்தை வாங்கியவன் மறு போகத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது அக்கம்பக்கத்தார் அவனிடம் பேசினார்களா? ‘பொன்னியின் செல்வன்’ தொடங்கும் அதே ஏரிக்கரையில் நடந்த சங்கதி இது. இன்னும் எழுதப்படாமல் கிடக்கிறது. ஆராய்ச்சியை அரண்மனைக்குச் சாயம் பூசவே பயன்படுத்தியதன் விளைவு இது.

இதற்கு எழும் முதல் மறுப்பு, நாவலாசிரியன் வரலாற்றாசிரியன் அல்லவே என்பது. சரிதான். வாசகன் கதைக்குத்தான் காசு கொடுக்கிறான். ஆனால் கற்பனைச் சுதந்திரம் என்பது சான்று இல்லாத இடத்துக்கான அனுமதி. சான்று இருக்கும் இடத்தில் பார்க்காமல் போவதற்கான அனுமதி அல்ல. சோழர் அரண்மனைச் சமையலறையில் மிளகாய் தாளித்தால் அது கற்பனை அல்ல, கவனக்குறைவு. மிளகாய் போர்ச்சுக்கீசியர் வழியாக 16ஆம் நூற்றாண்டில் வந்தது. அதே அளவுகோலைக் கும்பகோணத்துக்கே வைத்துப் பாருங்கள். சோழர் காலக் குடந்தையைப் படம் பிடிக்கிறவர்கள் மகாமகக் குளத்தைச் சுற்றிப் பதினாறு மண்டபத்தையும் வரைந்துவிடுகிறார்கள். அந்த மண்டபங்கள் நாயக்கர் காலத்து அமைச்சர் கோவிந்த தீட்சிதரின் பெயரோடு சேர்ந்தவை. ராமசாமி கோயில் ரகுநாத நாயக்கர் காலத்தது. சாரங்கபாணி கோயிலின் பெரிய கோபுரமும் சோழருக்குப் பின்னால் வந்ததே. ராஜராஜன் இந்த ஊருக்கு வந்திருந்தால் ஊர்ப்பெயர் திருக்குடமூக்கு. அவன் கண்ணில் பட்டிருக்கக்கூடிய பழைய கற்றளி நாகேஸ்வரன் கோயில். இன்று கும்பகோணம் என்றதும் மனதில் எழும் ஊரில் பெரும் பகுதியை அழித்துவிட்டு மீண்டும் கட்டினால்தான் பத்தாம் நூற்றாண்டுக் குடந்தை கிடைக்கும். அப்படிக் கட்டும்போது கதையும் மாறும். உயர்ந்த கோபுரம் இல்லாத ஊரில் தூரத்திலிருந்து ஊரை அடையாளம் காட்டுவது எது? தோப்பா, ஆற்று வளைவா, அடுப்புப் புகையா? குதிரையில் வருகிறவன் வழி தப்பினானா இல்லையா என்பதே அதில் இருக்கிறது.

தண்ணீரும் அப்படித்தான். மேட்டூர் அணை 1934இல் வந்த பிறகு ஜூன் 12இல் அணை திறப்பது என்ற கணக்கு நமக்குப் பழகிவிட்டது. அதற்கு முன் காவிரியில் தண்ணீர் வருவது மேற்கு மலையில் மழை பெய்ததைப் பொறுத்தது. வந்தால் வெள்ளமாக வரும். அரசலாறும் குடமுருட்டியும் முடிகொண்டானும் ஒரே சமயத்தில் கரையைத் தொடும். ஆடியிலும் ஐப்பசியிலும் கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்கு இரவோடு இரவாகக் குதிரையில் பறக்கும் வீரன் எத்தனை ஓடத்துறையில் காத்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டால் பல நாவல்களில் செய்தி உரிய நேரத்தில் போய்ச் சேராது. சதி வெற்றி பெற்றுவிடும். சேற்று வயலுக்குள் படை நடத்துவது என்பதோ யோசிக்கவே முடியாத காரியம். இவற்றைக் குற்றம் கண்டுபிடிக்கும் புலவர் வேலை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் ஆறு கதையின் பகைவனாகவோ துணைவனாகவோ வரக்கூடிய ஒரு நாட்டில் ஆற்றை வர்ணனைக்கு மட்டும் வைத்துக்கொள்வது நஷ்டக் கணக்கு.

இரண்டாவது மறுப்பு இன்னும் நடைமுறை சார்ந்தது. விவரம் கூடக்கூடக் கதை மூச்சுத் திணறும், கலம் தூணி பதக்கு குறுணி என்று அளந்துகொண்டிருந்தால் வாசகன் புத்தகத்தை மூடிவிடுவான் என்பார்கள். திணறும் நாவல்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அங்கே பழுது விவரத்தில் இல்லை. விவரத்தை யாரும் வாழவில்லை என்பதில். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயில் பணிப்பெண்களை, ஒவ்வொருவராகப் பெயர் சொல்கிறது. எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், தெற்குத் தளிச்சேரியா வடக்கா, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு என்பது வரை. பழையாறையிலிருந்து வந்தவர்கள் உண்டு, திருவாரூரிலிருந்து வந்தவர்கள் உண்டு. ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் பங்கு. இதைப் பட்டியலாகக் கொட்டினால் சலிப்புத்தான். அதுவே, தன் ஊரின் கோயிலையும் வீட்டையும் விட்டு அரசன் ஆணையால் புது நகரத்துக்கு வந்த ஒருத்திக்குப் பக்கத்து வீட்டில் முன்பின் தெரியாத ஊர்க்காரி குடியிருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டால், வீட்டு எண்ணே கதையாகிவிடும். இன்னொன்று: ஒரு நந்தா விளக்கு அணையாமல் எரிய 96 ஆடு விடவேண்டும், இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கவேண்டும் என்பது சோழர் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் ஏற்பாடு. இதைத் தெரிந்துகொண்டவன் அரண்மனை இரவை ஆயிரம் தீபத்தில் ஜொலிக்க வைக்கக் கை கூசுவான். வெளிச்சம் அவ்வளவு விலை உயர்ந்தது. இருட்டு எல்லோருக்கும் பொது. சதி பேச எங்கோ பள்ளிப்படைக்குப் போகவே வேண்டாம், பக்கத்து அறை போதும்.

மூன்றாவது மறுப்புதான் உண்மையில் கனமானது. கல்வெட்டு எல்லாம் கொடுத்தவன் வெட்டியது. நிலம் உள்ளவன், கோயில், சபை, அரசன் ஆகியோரின் குரல். அதைச் சான்றாக வைத்துக்கொண்டு எழுதினால் அவர்களின் கதையைத்தானே மறுபடி எழுதுவோம் என்பது அது. பாதி ஒப்புக்கொள்ள வேண்டும். ராஜராஜன் பெரிய கோயிலுக்குக் கொடுத்த ஊர்களின் கணக்கில், வரி இல்லாத நிலம் என்று கழிக்கும் வரிசையில் ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு இவற்றோடு பறைச்சேரியும் கம்மாணச்சேரியும் வருகின்றன. பக்கத்திலேயே நூற்றுக்கணக்கான கலம் நெல்லின் கணக்கு; அந்த நெல்லை விளைவித்தவர்கள் சேரி என்ற ஒரு துண்டு நிலமாக மட்டும் பதிவாகிறார்கள். ஆனாலும் அந்தத் துண்டு நிலம் இருக்கிறது. எங்கே, எவ்வளவு, எதற்குப் பக்கத்தில் என்று இருக்கிறது. அரண்மனைக் கதை எழுதிய எவரும் அதைக் கண்ணெடுத்துப் பார்க்காதது கல்லின் குற்றம் அல்ல. கல் சிலசமயம் கொடுப்பவனின் பெருமையை மீறியும் பேசிவிடும். கும்பகோணத்துக்குக் கிழக்கே திருப்பாம்புரத்தில் 1201ஐச் சேர்ந்த ஒரு கல்வெட்டு உண்டு. காலம் பொல்லாததாகி ஒரு காசுக்கு மூன்று நாழி நெல் விற்ற பஞ்சத்தில் ஒரு வேளாளர் தன்னையும் தன் இரண்டு மகள்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு அடிமையாக விற்றுக்கொண்டதைப் பதிவு செய்கிறது. அப்போது ஆண்டவன் மூன்றாம் குலோத்துங்கன். திருபுவனத்தில் கம்பகரேஸ்வரர் கோயிலை எழுப்பிய அதே மன்னன். சோழ நாவல் என்றால் முதலாம் ராஜராஜனும் ராஜேந்திரனும் என்று வைத்துக்கொண்டதால், பேரரசு தேய்ந்துகொண்டிருந்த இந்தக் காலமும் இந்தத் தகப்பனும் மகள்களும் நாவல் வாசலுக்கு வரவே இல்லை. அவர்களை எழுத ஆராய்ச்சி கூடுதலாக வேண்டும், குறைவாக அல்ல: 110 காசு அன்றைக்கு எதற்குச் சமம், கோயில் அடிமை என்ன வேலை செய்தான், என்ன சாப்பிட்டான், மகள்களுக்குத் திருமணம் உண்டா, கையெழுத்திட்ட சாட்சிகள் யார்.

ஆவணம் போதாத இடத்தில் என்ன செய்வது என்பதற்கும் கும்பகோணத்திலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. 1880இல் இங்குள்ள கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்த உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் படிக்க முனைந்தபோது, அவ்வளவு புலமைக்கும் பிடிபடாத சமண சமயச் செய்திகள் குறுக்கிட்டன. ஏட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்காமல் கும்பகோணத்தில் குடியிருந்த சமணர்களைத் தேடிப் போய்க் கேட்டார். அவர்கள் நாள்தோறும் பேசிக்கொள்ளும் சங்கதியாக இருந்தது அது. 1887இல் சிந்தாமணி அச்சானது. அவர் செய்தது நாவல் அல்ல, பதிப்பு. ஆனால் ஏடு நின்றுபோன இடத்திலிருந்து தெருவுக்கு இறங்கவேண்டும் என்பது இரண்டுக்கும் பொது. மடைக்குப் பெயர் வைத்திருக்கிற நீர்ப்பாய்ச்சி, மெழுகு வார்ப்பில் இன்றும் உலோகச் சிலை செய்கிற சுவாமிமலை ஸ்தபதி, நெல் அளவைகளை வாயால் சொல்லக்கூடிய கிழவி ஆகியோருக்குத் தெரிந்தது எந்தத் தொகுதியிலும் அச்சாகவில்லை. அவர்கள் சொல்வதெல்லாம் ஆயிரம் ஆண்டுப் பழமை என்று நம்பிவிடவும் கூடாது. அதைச் சரிபார்க்கத்தான் கல்வெட்டு.

சோழரை விட்டு வெளியே வந்தால் இந்த வட்டாரத்தில் சான்று இன்னும் அடர்த்தி. தஞ்சை மராட்டியர் கால மோடி எழுத்து ஆவணங்களைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தமிழாக்கத்தோடு 1989இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. அரண்மனைச் செலவு, சம்பளம், சத்திரம் என்று அன்றாடம் கொட்டிக் கிடக்கிறது. 19ஆம் நூற்றாண்டு டெல்டாவின் மடங்கள், சங்கீதம், மாட்டுவண்டிப் பயணம், சாப்பாடு வரை அறிய உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’ ஒன்றே போதும். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிவைத்த நாட்குறிப்பிலிருந்து பிரபஞ்சன் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ ஆகிய நாவல்களைக் கட்டினார். பின்னதற்கு 1995இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. அவருக்குக் கிடைத்த துபாஷியும் கவர்னரும் சில்லறை வியாபாரியும் கற்பனையில் உதித்திருக்க மாட்டார்கள். தஞ்சைக்கு அப்படி ஒரு நாவல் மோடி ஆவணங்களிலிருந்து, நான் அறிந்தவரை, இன்னும் வரவில்லை என்பது ஆச்சரியம்தான்.

வரலாற்றுக் கதை வாசகர் மனதில் எவ்வளவு ஆழமாக இறங்குகிறது என்பதற்கு கும்பகோணத்துக்குப் பக்கத்து உடையாளூர் ஓர் உதாரணம். அங்கேதான் ராஜராஜன் சமாதி என்று ஊரெங்கும் பரவி, உயர் நீதிமன்றம் வரை போய், 2019இல் தொல்லியல் துறை ஆய்வு செய்தது. சமாதிக்கான தடயம் கிடைக்கவில்லை. அந்த ஊர்த் தூண் கல்வெட்டு சொல்வது முதலாம் குலோத்துங்கனின் 42ஆம் ஆண்டில், ராஜராஜனாகிய சிவபாதசேகரனின் பெயர் கொண்ட மாளிகையின் முன்மண்டபம் சிதைந்து புதுப்பிக்கப்பட்டதை. பழுதுபார்ப்புக் கணக்குதான், சமாதி என்று அதில் இல்லை. இதற்கு மாறாக, பட்டீஸ்வரத்தை அடுத்து ராஜேந்திரன் தன் சிற்றன்னை பஞ்சவன்மாதேவிக்காக எடுத்த பள்ளிப்படை கல்வெட்டுச் சான்றோடு நின்றுகொண்டிருக்கிறது. அங்கே கூட்டம் இல்லை. மாற்றாந்தாய்க்குக் கோயில் எடுத்த மகன் என்ற உறவைத் தொட்ட நாவலும் அரிது.

எழுத நினைப்பவர்களுக்குக் காலம் ரொம்ப இல்லை என்பதையும் சொல்லவேண்டும். திருப்பணி என்ற பெயரில் மணல் வீச்சு அடித்த சுவர்களில் எழுத்து மழுங்கிப்போயிருக்கிறது. தரைக்குக் கிரானைட் பதிக்கும்போது அடிப்பகுதிக் கல்வெட்டு மூடப்படுகிறது. 1880களிலிருந்து மைப்படி எடுத்தவற்றில் அச்சேறாதவை இன்னும் நிறைய. ஆனால் அச்சேறியவையே ஓர் எழுத்தாளரின் ஆயுளுக்குத் தாராளம். தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதி, பெரிய கோயில் கல்வெட்டுகளோடு, கணினியில் இலவசமாகவே படிக்கக் கிடைக்கிறது. பண்டாரத்தாரின் நூலும் அப்படியே. தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியலில் பழையாறையிலிருந்து வந்தவர்களை மட்டும் முதலில் தனியாக எழுதிக்கொள்ளலாம்.